பழைய பெட்டி திரும்ப வேண்டும்

கோடம்பாக்கம் என்றாலே எல்லோருக்கும் ஸ்டூடியோக்களும் நடிகர்களும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் பவர் ஹவுஸ் ஸ்டாப்பிங்கிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு மாடி வீட்டில் குடியிருக்கும் தாத்தா ஒருவரைக் கேட்டால் வேறு பதில் வரும். "நடிகன் வருவான், போவான். சினிமான்னா பெட்டிதான்!"

அவர் சொல்வது படப்பெட்டி. முப்பத்தோரு வருடம் ஒரு ஃபிலிம் லேபில், பிரிண்ட் போடும் பிரிவில் வேலை பார்த்தவர். இன்றைக்குப் படம் ஹார்ட் டிஸ்க்கிலோ சாட்டிலைட்டிலோ தியேட்டருக்குப் போய்விடுகிறது. அன்றைக்கு அப்படியில்லை. நெகடிவ் பத்திரமாக உள்ளேயே இருக்கும், வெளியே போகாது. அதிலிருந்து பாசிட்டிவ் பிரிண்ட் போட்டு, பதினான்கு பதினைந்து ரீல்களைத் தகரப் பெட்டியில் அடுக்குவார்கள். மவுண்ட் ரோடு பக்கம் மீரான் சாகிப் தெருவில் இருந்த விநியோகஸ்தர் ஆபீஸ்கள் வழியாக அது ஊர் ஊராகப் போகும். பெட்டி வந்தால்தான் படம். வராவிட்டால் கொட்டகையில் நாற்காலி உடையும்!

இதில் வெளியாட்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. ஓடி முடிந்த பெட்டி திரும்பி வர வேண்டும். ஒரு ஊரில் பழைய பெட்டி தங்கிவிட்டால் அந்தக் கொட்டகைக்காரர் அதையே ஓட்டிக்கொண்டிருப்பார், புதுப் படம் காத்துக்கொண்டிருக்கும். "புதுப் பெட்டி அனுப்பறது பெரிசில்ல. பழைய பெட்டியைத் திருப்பி வாங்கறதுதான் வேலை" என்பது தாத்தாவின் வேதவாக்கு.

சினிமாக் கதை எதற்கு என்று கேட்கிறீர்களா? தாயின் வயிற்றில் ஒரு குழந்தையின் மூளை உருவாவதும் கிட்டத்தட்ட இதே வியாபாரம்தான். இதைக் கண்டுபிடித்தவள் தாத்தாவின் பேத்தி, எம்.எஸ்ஸி. பயோடெக்னாலஜி மாணவி. ஆனால் அவள் அதைக் கண்டுபிடித்த சமயம் அவ்வளவு நல்ல சமயம் அல்ல.

தாத்தாவின் இளைய மகள், அதாவது அந்தப் பேத்தியின் சித்தி, கல்யாணமாகி மூன்று வருடம் காத்திருந்தவள். 2025 ஆகஸ்ட் 15 காலையில் சோதனை அட்டையில் இரண்டு கோடு தெரிந்தது. தெருமுனையில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பாட்டி அதில் ஒன்றை வாங்கி வந்து மகள் வாயில் போட்டாள். 25ஆம் தேதி டாக்டரைப் பார்த்தார்கள். ஃபோலிக் ஆசிட் மாத்திரை எழுதிக் கொடுத்தார். சித்தி அன்று இரவே ஆரம்பித்து ஒரு நாள்கூடத் தவறாமல் போட்டாள்.

செப்டம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை இரவு சந்திர கிரகணம். அம்மா வீட்டுக்கு வந்திருந்த சித்தியை உள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டுப் பாட்டி படுத்துவிட்டாள். 11 மணிக்கு நிலா செம்பு நிறமாக மாறியபோது சித்தி மொட்டை மாடிக்குப் போய் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு வந்தாள். அவ்வளவுதான்.

அக்டோபர் 4, சனிக்கிழமை. பன்னிரண்டாவது வார ஸ்கேன். கலகலவென்று பேசிக்கொண்டிருந்த டாக்டர் திடீரென்று அமைதியாகிவிட்டார். இதயம் துடிக்கிறது, கை கால் அசைகிறது. ஆனால் தலையின் மேல்பாகம் இல்லை. மண்டையோடும் மூளையின் பெரும்பகுதியும் உருவாகவே இல்லை. இதற்கு அனென்செஃபலி என்று பெயர். பிறந்தாலும் சில மணி நேரமோ சில நாட்களோதான் உயிரோடிருக்கும். இன்னொரு டாக்டரிடமும் காட்டினார்கள். அதே பதில். அடுத்த வாரம் எல்லாம் முடிந்துவிட்டது.

அழுகை அடங்கிய பிறகு விசாரணை ஆரம்பமானது. "கிரகணத்தன்னிக்கு மாடிக்குப் போனியே, சொன்னா கேட்டியா?" என்றாள் பாட்டி. ஸ்கூட்டரில் ஆபீஸ் போக வேண்டாம் என்று அப்போதே சொன்னதாக மாமியார் போனில் சொன்னார். பார்க்க வந்த ஒரு அத்தை பப்பாளி சாப்பிட்டாயா என்று கேட்டார். சித்தி யாருக்கும் பதில் சொல்லவில்லை. ராத்திரி பேத்தி பக்கத்தில் படுத்திருந்தபோது மட்டும் இருட்டில் கேட்டாள். "நான் என்னடி தப்பு பண்ணேன்?"

பேத்திக்குப் பாடப்புத்தகம் தெரியும். ஆனால் அந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது என்று தெரியவில்லை. மறுநாள் காலை தாத்தாவிடம் போய் உட்கார்ந்தாள். முதலில் அவருக்குப் புரியவைத்துப் பார்ப்போம், அவருக்குப் புரிந்தால் யாருக்கும் புரியும் என்று!

"கரு உண்டாகி மூணாவது வாரத்துல அது ஒரு தட்டையான தகடு மாதிரிதான் இருக்கும் தாத்தா" என்று ஆரம்பித்தாள். அதன் முதுகுப் பக்கம் ஒரு பட்டை தடிக்கிறது. பிறகு வெற்றிலையை மடிப்பதுபோல இரண்டு ஓரமும் எழும்பி நடுவில் வந்து ஒட்டிக்கொண்டு ஒரு குழாயாகிறது. இதுதான் நரம்புக் குழாய். மேல் முனை மூளையாகும், கீழே தண்டுவடமாகும். கழுத்துப் பக்கத்தில் முதலில் ஒட்டி, ஜிப் போடுவதுபோல இரண்டு பக்கமும் மூடிக்கொண்டு போகும். மேல் முனை சுமார் 25ஆம் நாள் மூடும், கீழ் முனை சுமார் 28ஆம் நாள். அப்போது கரு ஒரு எள் அளவுதான் இருக்கும். மேல் முனை மூடாவிட்டால் அனென்செஃபலி. கீழ்ப்பக்கம் மூடாவிட்டால் முதுகெலும்பில் பிளவு.

"சரி, ஏன் மூடல?" என்றார் தாத்தா.

அங்கேதான் படப்பெட்டி வந்தது.

நம் உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு லேப் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கும் நெகடிவ்தான் டி.என்.ஏ. சுமார் 20,000 படங்களின் நெகடிவ், அதாவது புரதங்களைச் செய்யச் சொல்லும் 20,000 மரபணுக்கள். தோல் செல்லிலும் அதே நெகடிவ், கல்லீரல் செல்லிலும் அதே நெகடிவ், மூளை செல்லிலும் அதேதான். எந்த நெகடிவிலிருந்து பிரிண்ட் போடுகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். பிரிண்ட்டுக்குப் பெயர் தூது ஆர்.என்.ஏ. அது செல்லின் கருவறையை விட்டு வெளியே வந்து 'ஓடும்போது' உண்டாகும் படம்தான் புரதம்.

எந்தப் பிரிண்ட்டை எப்போது போடுவது என்று முடிவு செய்யவும் சில புரதங்கள் உண்டு. ரொம்ப நாள் விஞ்ஞானிகள் கதை இத்தோடு முடிந்தது என்றுதான் பெரும்பாலும் நினைத்தார்கள். பிரிண்ட் போட ஆள் இருக்கிறது, நிறுத்த ஆள் இருக்கிறது, போதாதா? போதாது. ஏற்கெனவே ஊருக்குள் போய்விட்ட பெட்டிகளை என்ன செய்வது?

"அதான! ரெப் போய்த் திருப்பி வாங்கணும்" என்றார் தாத்தா. அவருக்கு உடனே பிடிபட்டுவிட்டது.

அந்த ரெப்பின் கையில் இருக்கும் துண்டுச் சீட்டுதான் மைக்ரோ ஆர்.என்.ஏ. வெறும் 22 எழுத்து நீளம், ஒன்றிரண்டு கூடும் குறையும். ஒரு நீளமான ஆர்.என்.ஏ.வை ட்ரோஷா, டைசர் என்ற இரண்டு புரதங்கள் கத்தரிக்கோல் மாதிரி வெட்டி இந்தச் சீட்டைத் தயாரிக்கின்றன. ஆர்கோநாட் என்ற இன்னொரு புரதம் அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு செல்லுக்குள் சுற்றும். எந்தப் பிரிண்ட்டின் வால்பகுதியில் சீட்டோடு பொருந்தும் எழுத்துகள் இருக்கின்றனவோ, அந்தப் பிரிண்ட் அத்தோடு சரி. ஓடவிடாமல் நிறுத்தப்படும், பிறகு சிதைக்கப்படும். ஒரே சீட்டு நூற்றுக்கணக்கான பிரிண்ட்டுகளோடு பொருந்தலாம் என்பதுதான் இதில் ஆச்சரியம்.

"பழைய பிரிண்ட்டை எங்க காலத்துல வெள்ளி எடுக்க வித்துருவாங்க" என்றார் தாத்தா.

"இங்கேயும் அதே கதைதான் தாத்தா. சிதைஞ்ச எழுத்துகளை செல் மறுபடி உபயோகிச்சுக்கும்."

இதைக் கண்டுபிடித்தது மனிதனிடம் அல்ல, ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழுவிடம்! சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்பது அந்தப் புழுவின் பெயர். மொத்தமே 302 நரம்பு செல்கள்தான் அதற்கு. லின்-4 என்ற மரபணு கெட்டுப்போன புழுக்கள் ஒழுங்காக வளர்வதில்லை. முதல் பருவத்தில் செய்ய வேண்டிய வேலைகளையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கும். முதல் ரீலையே மாற்றாமல் ஓட்டும் ஆபரேட்டர் மாதிரி. 1993இல் அமெரிக்காவில் விக்டர் ஆம்ப்ரோஸ் குழுவும் கேரி ருவ்குன் குழுவும் காரணத்தைக் கண்டுபிடித்தன. லின்-4 எந்தப் புரதத்தையும் செய்வதில்லை. அது தருவது 22 எழுத்துச் சீட்டு மட்டுமே. அந்தச் சீட்டு லின்-14 என்ற இன்னொரு மரபணுவின் பிரிண்ட்டை நிறுத்துகிறது. சீட்டு இல்லாவிட்டால் லின்-14 ஓடிக்கொண்டே இருக்கும்.

இது ஏதோ புழுவுக்கு மட்டும் உள்ள விநோதம் என்று பலர் அப்போது கண்டுகொள்ளவில்லை. 2000இல் ருவ்குன் குழு லெட்-7 என்ற இன்னொரு சீட்டைக் கண்டுபிடித்தது. அது ஈயிலும் இருந்தது, மீனிலும் இருந்தது, மனிதனிலும் இருந்தது. அதன் பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 2024இல் ஆம்ப்ரோஸுக்கும் ருவ்குனுக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

சரி, மூளைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அதற்கு ஒரு மீன் கதை சொல்ல வேண்டும். சென்னையில் வண்ண மீன் வாங்கக் கொளத்தூருக்குப் போனவர்களுக்கு உடம்பில் நீலக் கோடு போட்ட வரிக்குதிரை மீனைத் தெரிந்திருக்கும். கங்கைப் பக்கத்து மீன்தான் அது. இன்று உலகம் முழுக்க ஆராய்ச்சிக்கூடங்களில் இருக்கிறது. காரணம், அதன் முட்டையும் குஞ்சும் கண்ணாடி மாதிரி. உள்ளே மூளை உருவாவதை மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்து பார்க்கலாம்.

எந்த முட்டையும் வெறுங்கையோடு புறப்படுவதில்லை. கருவின் லேப் திறக்கும்வரை தாக்குப்பிடிக்கத் தேவையான பிரிண்ட்டுகளைத் தாய் முன்கூட்டியே முட்டைக்குள் போட்டு அனுப்புகிறாள். கட்டுச்சோறு மாதிரி. கரு தன் சொந்த லேபைத் திறந்தவுடன் செய்யும் முதல் வேலைகளில் ஒன்று, தாய் தந்த பெட்டிகளைத் திருப்பி அனுப்புவது! மீனில் அந்த வேலையில் பெரும்பங்கு மிர்-430 என்ற சீட்டுக்கு உண்டு. 2005இல் ஒரு பரிசோதனை நடந்தது. டைசர் கத்தரிக்கோலே இல்லாத மீன் கருக்களை உருவாக்கினார்கள். சீட்டே தயாராகவில்லை. கரு வளர்ந்தது, ஆனால் மூளை உருக்குலைந்து போனது. மிர்-430ஐ மட்டும் ஊசியில் செலுத்தினார்கள். மூளையின் வடிவம் பெருமளவு சரியானது. தாயின் பிரிண்ட்டுகள் நூற்றுக்கணக்கில் இந்த ஒரே சீட்டால் அகற்றப்படுவது அடுத்த வருடம் தெரியவந்தது.

பாலூட்டிகளிலும் இதே குடும்பத்துச் சீட்டு ஒன்று உண்டு. பெயர் மிர்-302. கருவின் தொடக்க நாட்களில் நிறைய இருக்கும், பிறகு மறைந்துவிடும். 2015இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அது இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். செல்கள் பெருகி முடிப்பதற்குள் அவசரப்பட்டு நரம்பு செல்களாக மாற ஆரம்பித்தன. இன்டர்வெலுக்குப் பிறகு வர வேண்டிய ரீல் முன்னாலேயே வந்துவிட்ட மாதிரி. அந்தக் கருக்களில் நரம்புக் குழாய் மூடவில்லை.

தாத்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒன்றும் சொல்லவில்லை.

குழாய் மூடிய பிறகும் வேலை தீர்வதில்லை. இனி அதற்குள் கோடிக்கணக்கில் நரம்பு செல்கள் பிறக்க வேண்டும். பெரியவர் ஒருவர் மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் உண்டு. அங்கே மிர்-124 என்ற சீட்டுக்குத்தான் ராஜ்யம். மூளையில் மிக அதிகமாகக் கிடைக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களில் ஒன்று அது. நரம்பு செல்லாக மாறும் ஒரு செல்லுக்குள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் பழைய, நரம்புக்குச் சம்பந்தமில்லாத பிரிண்ட்டுகளை அது துரத்துகிறது. மற்ற செல்களில் ரெஸ்ட் என்ற புரதம் இந்தச் சீட்டையே அச்சிட விடாமல் பூட்டி வைத்திருக்கும். அதாவது மரபணு சீட்டை அடக்குகிறது, சீட்டு மரபணுவை அடக்குகிறது. யார் முதலாளி, யார் தொழிலாளி என்று சொல்லவே முடியாது! 2011இல் மிர்-9, மிர்-124 என்ற இரண்டையும் மனிதத் தோல் செல்லுக்குள் செலுத்தினார்கள். அது நரம்பு செல்லாக மாற ஆரம்பித்தது. வேறு சில மரபணுக்களையும் சேர்த்தபோது இன்னும் நன்றாக மாறியது.

"இவ்வளவும் சரியா நடந்தாத்தான் ஒரு தலையா?" என்றார் தாத்தா.

"ஆமா. எலியில மட்டும் 200க்கு மேல மரபணுக்கள் கண்டுபிடிச்சிருக்காங்க. அதுல எது கெட்டாலும் குழாய் மூடாம போகலாம். நம்ம சித்திக்கு எது தவறுச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது தாத்தா."

தாத்தா எழுந்து போய்ச் சுவரிலிருந்த மாதக் காலண்டரை எடுத்து வந்தார். பால் கணக்குக்காக ஒவ்வொரு தேதியிலும் பென்சில் கோடு போட்டிருப்பார். ஜூலை, ஆகஸ்ட் தாள்களைப் புரட்டினார். "நாளைச் சொல்லு" என்றார்.

கடைசியாகத் தலைக்குக் குளித்தது ஜூலை 12. கரு தரித்தது சுமார் ஜூலை 26. அதிலிருந்து 28 நாள் எண்ணினால் ஆகஸ்ட் 23. தாத்தா அந்தத் தேதியில் பென்சிலால் வட்டம் போட்டார். பிறகு தாளைத் திருப்பி செப்டம்பர் 7இல் இன்னொரு வட்டம். நடுவில் பதினைந்து நாள்.

பாட்டியைக் கூப்பிட்டார். "இங்க பாரு. நிலாவுல கிரகணம் பிடிக்கறதுக்குப் பதினஞ்சு நாள் முன்னாடியே விஷயம் முடிஞ்சு போச்சு. இனிமே அந்தப் பேச்சை இந்த வீட்டுல எடுக்காத."

பாட்டி காலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு மைக்ரோ ஆர்.என்.ஏ. தெரியாது. ஆனால் தேதிக் கணக்கு தெரியும். பால்காரரிடம் அரை லிட்டருக்குக்கூடச் சண்டை போட்டவளாயிற்றே.

பேத்திக்கு ஜெயித்த மாதிரி இருந்தது. அப்போதுதான் கதவருகே சித்தி நிற்பதைப் பார்த்தார்கள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. அவளும் காலண்டர் அருகே வந்தாள். விரலை ஆகஸ்ட் 25இல் வைத்தாள்.

"இன்னிக்குத்தானே மாத்திரை ஆரம்பிச்சேன். அதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே மூடியிருக்கணும். அப்போ மாத்திரையை ஜூன் மாசமே ஆரம்பிச்சிருந்தா..?"

இதைப் பேத்தி எதிர்பார்க்கவில்லை. கிரகணத்தைத் துரத்திவிட்டோம் என்று நினைத்தால், அது உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது மாத்திரை வந்து உட்கார்ந்துவிட்டது! மூட நம்பிக்கை கொடுத்த குற்ற உணர்ச்சியைவிட விஞ்ஞானம் கொடுக்கும் குற்ற உணர்ச்சி கொடுமையானது. ஏனென்றால் அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது.

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள்.

ஏற்கெனவே ஒரு முறை இப்படி இழந்த 1,817 பெண்களை வைத்து ஏழு நாடுகளில் ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 1991இல் வெளியானது. கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே ஃபோலிக் ஆசிட் எடுத்தவர்களுக்கு மறுபடி இப்படி ஆகும் வாய்ப்பு 72 சதவீதம் குறைந்தது. முதல் பிரசவத்திலும் பலன் உண்டு என்று 1992இல் ஹங்கேரியில் நடந்த ஆய்வு காட்டியது. செல் வேகமாகப் பெருகும்போது புது நெகடிவ் நகல் எடுக்க ஃபோலேட் வேண்டும். எந்த நெகடிவைத் திறக்கலாம், எதைத் திறக்கக் கூடாது என்று டப்பா மேல் ஒட்டும் குறிகளுக்கும் அது வேண்டும். ஆனால் 72 சதவீதம் என்பது 100 அல்ல. ஒழுங்காக மாத்திரை போட்டவர்களிலும் சிலருக்குக் குழாய் மூடவில்லை.

"போட்டிருந்தா வாய்ப்பு குறைஞ்சிருக்கும் சித்தி. இது நடந்தே இருக்காதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. கர்ப்பம்னு தெரியறதுக்கு முன்னாடியே போடணும்னு உனக்கு யாராவது சொன்னாங்களா?"

சித்தி தலையசைத்தாள். இல்லை.

தாத்தாதான் பேசினார். குரல் கரகரத்தது. "உன் கல்யாணத்துக்கு ஜாதகம் பார்த்தோம். மண்டபம் பார்த்தோம். சாப்பாட்டுக்கு மூணு காண்ட்ராக்டரைப் பார்த்தோம். இந்த ஒரு ரூபா, ரெண்டு ரூபா மாத்திரையை வாங்கிக் கொடுக்கணும்னு எங்க யாருக்கும் தெரியல. இதுல உன் தப்பு எங்கம்மா இருக்கு?"

ஸ்கேன் நடந்த நாளிலிருந்து வாய்விட்டு அழாத சித்தி அப்போதுதான் அழுதாள். பாட்டி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. இந்த மாத்திரையின் கதையில் நம்ம ஊருக்கும் பங்கு இருக்கிறது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928இல் பம்பாய் வந்தார். பஞ்சாலைத் தொழிலாளிப் பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் ஏன் கடுமையான ரத்தசோகை வருகிறது என்று ஆராய்ந்தார். 1929இல் சில மாதம் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் வேலை செய்தார். 1931இன் தொடக்கத்தில் அவர் இருந்தது சென்னை கோஷா ஆஸ்பத்திரியில், இன்று திருவல்லிக்கேணியில் இருக்கும் அதே கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை. ஈஸ்ட்டிலிருந்து செய்யும் மார்மைட் என்ற மலிவான பசை அந்த ரத்தசோகையைக் குணப்படுத்துவதைக் கண்டு 1931இல் எழுதினார். அதற்குள் ஒளிந்திருந்த சத்துதான் பின்னால் ஃபோலேட் என்று தெரிந்தது. 1941இல் கீரையிலிருந்து பிரித்தெடுத்தபோது, இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் ஆசிட் என்று பெயர் வைத்தார்கள்.

"கோஷா ஆஸ்பத்திரியா? உங்க சித்தி பொறந்ததே அங்கதானே!" என்றாள் பாட்டி.

அமெரிக்காவில் 1998 முதல் மாவிலேயே ஃபோலிக் ஆசிட் கலப்பதைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். காரணம் எளிது. குழாய் மூடும் நாளில் பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்பதே தெரியாது. தெரியாத ஒருத்தியிடம் பொறுப்பைக் கட்டுவதைவிட ரொட்டியில் கலந்துவிடுவது மேல் அல்லவா?

சில வாரம் கழித்து பேத்தி லேப்டாப்பில் ஒன்றைக் காட்டினாள். ஐ.ஐ.டி. மெட்ராஸில் உள்ள சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் வெளியிட்ட 'தரணி' என்ற கரு மூளை வரைபடம். கர்ப்பத்தின் நடுப்பகுதியைச் சேர்ந்த மூளைகளை மெல்லிய சீவல்களாக்கி, 5,132 சீவல்களை செல் தெரியும் அளவுக்குப் படமெடுத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். கோடம்பாக்கத்திலிருந்து ஐ.ஐ.டி. எவ்வளவு தூரம்? கிண்டி வரை மூன்று ரயில் நிறுத்தம், பிறகு ஒரு ஆட்டோ!

சித்தி அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஊதா நிறப் புள்ளிகள் வரிசை வரிசையாக இருந்தன. ஒவ்வொரு புள்ளியும் ஒரு செல். "இதெல்லாம் பொறக்காம போன குழந்தைங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றாள் பேத்தி. பெற்றவர்கள் சம்மதித்துக் கொடுத்தது. சித்தி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பெரிய மனசு" என்றாள்.

ஒரு முறை இப்படி நடந்தால் மறுமுறையும் நடக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து வரை. அதனால் அவர்களுக்கு டாக்டர்கள் சாதாரண 400 மைக்ரோகிராமுக்குப் பதில் அதைப்போலப் பத்து மடங்கு அளவில், கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே எழுதிக் கொடுக்கிறார்கள். (இதை நீங்களாகக் கடையில் வாங்கிப் போடாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள்.) சித்தி டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தாள். மாத்திரை அட்டையை மாதக் காலண்டரின் ஆணியில் மாட்டினாள். மாத்திரை போட்ட தேதியில் பால் கணக்குக் கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னக் கோடு விழ ஆரம்பித்தது.

2026 மார்ச் 3 மாலை மறுபடியும் சந்திர கிரகணம். அம்மா வீட்டுக்கு வந்திருந்த சித்தி மொட்டை மாடியில் நின்றுகொண்டிருந்தாள். ஆறேகால் மணி வாக்கில் கிழக்கே நிலா எழும்பியபோதே ஒரு பக்கம் கறுத்திருந்தது. படியில் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். பாட்டி மூச்சு வாங்க ஏறி வந்துகொண்டிருந்தாள். கையில் ஒரு டம்ளர் தண்ணீர், கூடவே மாத்திரை அட்டை.

"பார்க்கறதைப் பாரு. முதல்ல இதைப் போடு" என்றாள்.